டோட்டல் நார்மல்னு ரிப்போர்ட்டை மடிச்சு வெச்சிடாதீங்க

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நிறைய பேர் டோட்டல் கொலஸ்ட்ராலை மட்டும் பாப்பாங்க, 200க்குக் கீழ இருக்கா, அப்பாடான்னு மடிச்சு வெச்சிடுவாங்க. அதுக்கு அடுத்த வரியிலயே எச்டிஎல், அதாவது நல்ல கொலஸ்ட்ரால், 30ன்னு இருக்கும், அது கண்ணுலயே படாது. அந்த ஒரு வரியைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.

சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் டோட்டல் 180. ஒருத்தருக்கு எச்டிஎல் 55, இன்னொருத்தருக்கு 30. கழிச்சா முதல் ஆளுக்கு மிச்சம் 125, ரெண்டாவது ஆளுக்கு 150. ரத்தக்குழாய் சுவர்ல போய்ப் படியக்கூடியது அந்த மிச்சம்தான். டோட்டல் ஒண்ணுதான், ஆனா சுமை வேற பாருங்க. ஆம்பளைங்களுக்கு 40, பொம்பளைங்களுக்கு 50, இதுக்குக் கீழ போனா எச்டிஎல் கம்மி.

அமெரிக்காவுல ஃப்ராமிங்காம்ங்கற ஊர் மக்களை 1948ல இருந்து தொடர்ந்து கவனிச்சிட்டு வர்றாங்க, எச்டிஎல் குறைஞ்சவங்களுக்கு மாரடைப்பு அதிகமா வருதுன்னு 1977ல அங்க இருந்துதான் அழுத்தமா சொன்னாங்க. துருக்கியில 1990கள்ல ஆராய்ச்சி பண்ணப்போ மேற்கத்திய நாட்டுக்காரங்களை விட அந்த மக்களுக்கு எச்டிஎல் 10, 15 புள்ளி கம்மியா இருந்துச்சு. ஒரு சமூகத்துக்கே இப்படின்னா, டோட்டலை மட்டும் வெச்சு ஆபத்தை அளக்கறது சரியா வராது, நிறைய பேர் நழுவிடுவாங்க.

சரி, எச்டிஎல்லை ஏத்த மாத்திரை போட்டா ஆச்சேன்னு கேப்பீங்க. அதையும் பாத்தாச்சு. டார்செட்ராபிப்னு ஒரு மருந்து, சுமார் 15,000 பேர் கலந்துகிட்ட சோதனை, எச்டிஎல் 70 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, ஆனா மருந்து சாப்பிட்டவங்கள்ல சாவும் கூடிடுச்சு, 2006 டிசம்பர்ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. இத்தாலியில லிமோனேன்னு ஒரு ஊர்ல இதுக்கு நேர் எதிர், ஒரு மரபணு மாற்றத்தால சில குடும்பங்களுக்கு எச்டிஎல் ரொம்பவே கம்மி, ஆனா அதுக்கேத்த மாதிரி இதய நோய் கூடல. அப்போ நம்பர் மட்டுமே விஷயம் இல்ல, அது ஏன் குறைஞ்சதுங்கறதுதான் கேள்வி.

பெரும்பாலும் பின்னாடி இருக்கறது ட்ரைகிளிசரைடு, ரத்தத்துல ஓடற இன்னொரு வகைக் கொழுப்பு. வயித்துல கொழுப்பு சேந்து இன்சுலின் சரியா வேலை செய்யாம போகும்போது கல்லீரல் ட்ரைகிளிசரைடை ரத்தத்துல கொட்டும், அது எச்டிஎல் துகளுக்குள்ள புகுந்துடும், அப்படி ஆன துகள் சீக்கிரமே உடைஞ்சு உடம்பை விட்டுப் போயிடும், அதான் ரிப்போர்ட்டுல ஒண்ணு ஏற இன்னொண்ணு இறங்குது. புகை பிடிக்கறதும் குறைக்கும், நாள் முழுக்க உக்காந்தே இருக்கறதும் குறைக்கும்.

அதனால எச்டிஎல் கம்மின்னு வந்தா டாக்டர்கிட்ட சர்க்கரை, பிரஷர், இடுப்புச் சுற்றளவு எல்லாத்தையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க அவர் ஸ்டாடின் எழுதியிருந்தா தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க, மாரடைப்பைத் தடுக்குதுன்னு திரும்பத் திரும்ப நிரூபிச்ச மருந்து அது. சிகரெட்டை விட்டவங்களுக்குச் சில வாரத்துலயே எச்டிஎல் ஏற ஆரம்பிக்கும். நடக்க ஆரம்பிச்சவங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறாது, ஏறினாலும் கொஞ்சம்தான், ஆனா ட்ரைகிளிசரைடு இறங்கும், எனக்கு அதுவே போதும், நடையை விட்டுடாதீங்க.