ஸ்பிரிங்கை இழுத்தால் கம்பிக்கு என்ன ஆகிறது?

அனைவருக்கும் வணக்கம். 1 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு காகிதப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து சுற்றுச் சுற்றி, பென்சிலை உருவிவிடுங்கள். இரண்டு முனைகளையும் சுழலவிடாமல் பிடித்து, பென்சில் இருந்த திசையிலேயே ஆளுக்கொரு பக்கமாக இழுங்கள். சுருள் மறைந்துவிடும். ஆனால் பட்டை தட்டையாக வராது. எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து முறுக்கு ஏறியிருக்கும்.

ஸ்பிரிங்கிலும் இதுதான் நடக்கிறது. சுருள்வில்லை இழுத்தால் கம்பி நீள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கம்பி நீள்வதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. அது தன் அச்சிலேயே திருகிக்கொள்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கம்பித் தடிமன் 2 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 20 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 10. எஃகின் விறைப்புக் குணகம், அதாவது திருகலை அது எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு, சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 80,000 நியூட்டன். தடிமனின் நான்காம் அடுக்கை இந்தக் குணகத்தால் பெருக்குங்கள். பிறகு எட்டு, விட்டத்தின் மும்மடி, சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுங்கள். மி.மீ.க்கு 2 நியூட்டன் என்று விடை வரும். இதுதான் ஸ்பிரிங்கின் விறைப்பு. ஆக, 50 நியூட்டன் விசையில் இந்த ஸ்பிரிங் 25 மி.மீ. நீளும். அதற்குள் கம்பி முழுவதுமாகத் திருகியது சுமார் 143 பாகை. சுற்றுக்குப் பதினான்கு பாகைதான்.

இதே கம்பியைச் சுருட்டாமல் நேராகத் தொங்கவிட்டால் நீளம் 628 மி.மீ. அதே 50 நியூட்டனுக்கு அது 0.05 மி.மீ.தான் நீளும். சுருட்டியதால் கிடைத்தது ஐந்நூறு மடங்கு!

நான்காம் அடுக்கு என்றேனே, பட்டறையில் ஆளைக் கவிழ்ப்பது அதுதான். 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.1 மி.மீ. போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விறைப்பு 21 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். மாற்று ஸ்பிரிங் தேடும்போது கம்பியை அளவுகோலால் அளக்காதீர்கள். திருகு அளவியை எடுங்கள். சிலர் ஸ்பிரிங் நீளமாக இருக்கிறதென்று பாதியாக வெட்டிப் போடுவார்கள். சுற்று பாதியானால் விறைப்பு இரட்டிப்பு. தொளதொளப்பாக வேண்டியவருக்கு முரட்டு ஸ்பிரிங்தான் கையில் நிற்கும்.

விசைக்கு ஏற்ற நீட்சி என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராக வெளியிட்டார். 1678-ல் அவரே அவிழ்த்தும் காட்டினார்: "உட் டென்சியோ, சிக் விஸ்." நீட்சி எப்படியோ, விசையும் அப்படியே. முந்திக்கொண்ட உரிமையும் வேண்டும், ரகசியமும் வெளியே போகக் கூடாது என்றால் வேறு என்ன செய்வார்!

ஆய்வகத்தில் இந்த விதியைச் சோதிக்கும்போது ஒரு சங்கடம் வரும். இழுப்பு ஸ்பிரிங்குகள் பலவற்றைச் சுற்றும்போதே சுருள்கள் ஒன்றையொன்று நெருக்கும்படி இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். முதல் எடையைத் தொங்கவிட்டாலும் முள் அசையாது. அந்தத் தொடக்க இறுக்கம் 1 நியூட்டன் என்று வையுங்கள். 2 நியூட்டனுக்கு நீட்சி 50 மி.மீ., 4 நியூட்டனுக்கு 150 மி.மீ. என்று வருகிறது. மாணவர் ஒவ்வொரு எடையையும் அதன் நீட்சியால் வகுத்தால் முதலில் 0.04, அடுத்து 0.027. ஸ்பிரிங் மாறிலி, அதாவது விறைப்பு, மாறிக்கொண்டே போகிறதே என்று குழம்பி, வரைபடக் கோட்டைப் பூச்சியத்தின் வழியாக வளைத்து இழுத்துவிடுவார். தவறு. கோடு பூச்சியத்தைத் தொடவேண்டிய கட்டாயமே இல்லை. சாய்வை மட்டும் பாருங்கள்: கூடிய விசை 2, கூடிய நீட்சி 100, மாறிலி 0.02. எடைகளை ஒவ்வொன்றாக இறக்கும்போதும் அளவெடுங்கள். முள் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், பழைய நிலைக்கு மீளக்கூடிய மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், அந்த ஸ்பிரிங்கை ஒதுக்கி வைக்கவேண்டியதுதான்.

அமுக்கு ஸ்பிரிங்கில் முறுக்கின் திசைதான் எதிர், கணக்கு அதேதான். முனைகள் மூடிய ஸ்பிரிங்கில் இரு கோடிச் சுற்றுகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை வேலை செய்வதில்லை. நீளம் விட்டத்தைப்போல நான்கு மடங்கைத் தாண்டினால் அமுக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். உள்ளே ஒரு தண்டோ வெளியே ஒரு குழாயோ வேண்டும். குழாயில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், அமுங்கும்போது சுருளின் விட்டம் சற்றே பெருகும். அமுக்கு ஸ்பிரிங்குக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. சுமை மீறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். இழுப்பு ஸ்பிரிங்குக்கு அந்தத் தடுப்பு கிடையாது. அதன் கொக்கியோ வளைவில் முதலில் முறியும்.

அமுக்கு ஸ்பிரிங்கில் விரிசல் பெரும்பாலும் சுருளின் உட்பக்கத்தில் தொடங்கும். வளைவின் உட்புறத்தில்தான் தகைவு, அதாவது பரப்பளவுக்கு விழும் விசை, அதிகம். முறிந்த ஸ்பிரிங் கிடைத்தால் வெட்டுமுகத்தைப் பாருங்கள், கம்பிக்குக் குறுக்காக இல்லாமல் பெரும்பாலும் 45 பாகை சாய்ந்திருக்கும். அருகில் ஒரு சுண்ணக்கட்டி இருந்தால் இரு முனைகளையும் பிடித்து, வளைக்காமல் திருகி உடையுங்கள். அதே சாய்வு அதிலும் வரும்.