முப்பது ஆண்டு மேடை, பத்து ஆண்டு ஹோம்ஸ்

அவையோர்க்கு வணக்கம்.

ஜெரமி பிரெட் என்று சொன்னால் சிலருக்கு உடனே பிடிபடாது. ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தாரே, ஒடுங்கிய முகமும் கூரிய மூக்குமாக ஒருவர் என்றால், ‘ஓ, அவரா’ என்பார்கள். இங்கிலாந்தின் கிரனாடா தொலைக்காட்சி 1984 முதல் 1994 வரை ஒளிபரப்பிய 41 படங்களில் அவர்தான் ஹோம்ஸ். அவரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு கதை வைத்திருப்பார்கள். அந்த வேடம் அவருக்குள் புகுந்துகொண்டதாம், ஆட்டிப் படைத்ததாம், கடைசியில் ஆளையே விழுங்கிவிட்டதாம். பேய்க்கதை யாருக்குத்தான் பிடிக்காது? பேட்டிகளில் அவரே அதற்குத் தீனி போட்டிருக்கிறார். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வேடம் வந்து ஏறிக்கொண்டது என்று சொல்லிவிட்டால், அந்த மனிதர் அதற்கு முன் முப்பது ஆண்டுகள் பட்ட பாடு கணக்கில் வராமல் போய்விடுகிறது.

வார்விக்‌ஷயரில் பெர்க்ஸ்வெல் என்ற ஊரில் 1933இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ். தந்தை ராணுவ அதிகாரி. மகன் நாடகத்துக்குப் போகிறான் என்றதும், குடும்பப் பெயரை அங்கே கொண்டுபோகாதே என்றுவிட்டார். புதுப் பெயருக்கு எங்கே போவது? தன் கோட்டின் உட்புறம் தையல்கடைக்காரர் தைத்திருந்த பட்டையில் ‘பிரெட்’ என்று இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்.

பெயர் போனால் போகட்டும், நாக்கும் அல்லவா மக்கர் செய்தது. ‘ர’ ஒலி அவருக்குச் சரியாக வராது. பதின்ம வயதில் அறுவை சிகிச்சை செய்து, அதன்பின் விடாமல் உச்சரிப்புப் பயிற்சி செய்துதான் அதைச் சரிப்படுத்தினார். ஹோம்ஸ் தொடரில் அவர் படபடவென்று பொரிந்து தள்ளும்போதும் ஒரு சொல்லின் கடைசி ஒலிகூடத் தேயாமல் நம் காதில் விழுகிறது. அந்தத் தெளிவு உழைத்துச் சம்பாதித்தது.

1954இல் மான்செஸ்டரில் மேடை ஏறினார். 1956இல் லண்டன் ஓல்ட் விக் குழு. 1967 முதல் சில ஆண்டுகள் புகழ்பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியே தலைமையில் இயங்கிய நேஷனல் தியேட்டர். அங்கே 1970இல் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஒலிவியே ஷைலக், இவர் பஸ்ஸானியோ. ஒலிவியே எதிரே நிற்கும் மேடையில் கவனம் சிதறாமல் நடிப்பதே ஒரு பாடம். திரைப்படம் இவரிடம் அத்தனை தாராளமாக இல்லை. 1964இல் வந்த ‘மை ஃபேர் லேடி’யில் காதலில் உருகும் ஃபிரெடி இவர்தான்; பாட்டு மட்டும் வேறொருவர் குரல். நன்றாகப் பாடத் தெரிந்தவருக்கு இரவல் குரல்! நான்கே ஆண்டில் பிபிசி தொலைக்காட்சியில் ‘மெர்ரி விடோ’ என்ற இசை நாடகத்தில் சொந்தக் குரலிலேயே பாடிக்காட்டினார்.

இன்னொரு வேடிக்கை. ஹோம்ஸ் கதை மேடைக்கு அவர் முதலில் போனது ஹோம்ஸின் நண்பர் வாட்சனாக. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த நாடகம் அது. சார்ல்டன் ஹெஸ்டன் ஹோம்ஸ். பக்கத்தில் நின்று ஹோம்ஸைப் பார்க்கும் பார்வை எப்படியிருக்கும் என்பதை நடித்தே அறிந்தபின்தான் அவருக்கு ஹோம்ஸ் வேடம் வந்தது. தொடரில் டேவிட் பர்க், பிறகு எட்வர்ட் ஹார்ட்விக் என்று இரண்டு வாட்சன்கள். இருவரிடமும் அவர் காட்டிய அன்பு அந்த அனுபவத்திலிருந்தும் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸின் குழுவினர், ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் கோனன் டாயிலின் கதைகளைச் சலித்து 77 பக்கக் கையேடு ஒன்றைத் தொகுத்தார்கள். ஹோம்ஸ் என்ன சாப்பிடுவார், எப்படி உட்காருவார், எதில் புகைப்பார், எல்லாம் அதில் உண்டு. பிரெட் மூலக்கதைப் புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு, திரைக்கதை விலகும் இடத்திலெல்லாம் சண்டை பிடித்தார். சிட்னி பேஜெட் அந்தக் கதைகளுக்காகப் பத்திரிகையில் வரைந்த பழைய படங்களில் உள்ள நிலைகளில் அப்படியே நின்றார், சாய்ந்தார். பேய் பிடித்தவர் செய்கிற வேலையா இது?

இத்தனை மூலபக்தி உள்ளவர் மூலத்தை மீறிய இடம் ஒன்று உண்டு. 1988இல் வந்த ‘டெவில்ஸ் ஃபுட்’. கார்ன்வால் கடற்கரை. ஹோம்ஸ் போதைமருந்து ஊசியை எடுக்கிறார், மணலைத் தோண்டுகிறார், புதைத்துவிடுகிறார். கதையில் இது கிடையாது. சிறுவர்களும் தொடரைப் பார்க்கிறார்களே என்ற கவலையில், டாயிலின் மகளிடம் அனுமதி பெற்று வைத்த காட்சி. அதே படத்தில் நச்சுப்புகையில் அறிவு கலங்கித் துடிக்கும் ஹோம்ஸ், வாட்சன் தூக்கி எழுப்பும்போது ‘ஜான்!’ என்று அவருடைய முதற்பெயரைச் சொல்லி அலறுகிறார். டாயிலின் கதைகளில் ஹோம்ஸ் தன் நண்பரை எப்போதும் வாட்சன் என்றுதான் அழைப்பார். முறையான பேச்சையே கவசமாக அணிந்த மனிதர், கவசம் கழன்ற ஒரு நொடியில் என்ன சொல்வார் என்று யோசித்த நடிகர் அங்கே தெரிகிறார்.

நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1985இல் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு பிரெட் மனம் குலைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருதுருவ மனநோய் என்றார்கள். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தை முன்பே பழுதாக்கியிருந்தது. போதாததற்கு ஓயாத சிகரெட். மருந்துகளால் உடல் பருத்தது, மூச்சு வாங்கியது. இதில் ஹோம்ஸ் மேல் பழி போட என்ன இருக்கிறது? 1994இல் ‘மாசரின் ஸ்டோன்’ எடுக்கும்போது உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. துப்பறியும் பொறுப்பை ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் பாத்திரத்திடம் ஒப்படைத்து ஒப்பேற்றினார்கள். 1995 செப்டம்பர் 12 அன்று, 61 வயதில், லண்டன் வீட்டில் இதயம் நின்றது. அந்த ஆண்டுதான் அவர் பிபிசி வானொலியில், தன் நோயை மறைக்காமல், அதே நோயாளிகளுக்கான அமைப்புக்கு நிதி திரட்டிப் பேசியிருந்தார்.

பார்க்காதவர்கள் 1984இன் ‘ஸ்கேண்டல் இன் பொஹீமியா’விலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு அவர் கைகளை மட்டும் பாருங்கள். கடைசி ஆண்டுப் படங்களை அவசரப்பட்டு முதலில் பார்க்க வேண்டாம்; அவற்றுக்கு அவரை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.