சா தாத்து என்றால் மூன்று மணி இல்லை

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தான்சானியாவில் தார் எஸ் சலாம் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். 2009-ல் போனேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. அவர் போய் வீடு பார்த்த பிறகு நானும், அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகளும் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்து விசாரித்தபடி இருக்கிறார்கள். சென்னை ஐஐடி 2023-ல் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் வளாகம் திறந்த பிறகு இந்த விசாரிப்பு கூடியிருக்கிறது. நம் அரிசி கிடைக்குமா, பயமில்லாமல் இருக்கலாமா, சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். பாஷைக்கு என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷ் இருக்கிறதே, போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது முக்கியமாக அது ஒன்றுதான். போவதற்கு முன்னால் சுவாஹிலி படிக்க ஆரம்பித்துவிடுங்கள்.

அலுவலகத்தில் இங்கிலீஷ் போதும், உண்மைதான். ஆனால் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் பஸ், சந்தை, ஆஸ்பத்திரி வராந்தா, பக்கத்து வீடு எல்லாம் சுவாஹிலிதான். அந்த நாட்டில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. 1961-ல் சுதந்திரம் வந்தபோது ஜூலியஸ் நைரேரே சுவாஹிலியைத்தான் எல்லோருக்கும் பொதுவாக முன்னால் நிறுத்தினார். ஆரம்பப் பள்ளிப் பாடமும் அதில்தான். அவர் அரசியலுக்கு வருமுன் வாத்தியாராக இருந்தவர். ஆசிரியருக்கு அங்கே ம்வாலிமு என்று பெயர். நாட்டின் முதல் ஜனாதிபதியைக் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்து டீச்சரான என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை உண்டு.

சரி, நான் எப்படிப் படிக்க ஆரம்பித்தேன் என்று சொல்கிறேன்.

போய் மூன்றாவது வாரம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு வரும் குழாய் ஒழுகியது. பக்கத்து வீட்டம்மா ஒரு ஃபுண்டியின் நம்பர் கொடுத்தார். ஃபுண்டி என்றால் கைத்தொழில் தெரிந்தவர். குழாய் வேலை, கரண்ட் வேலை, தையல், கொத்து வேலை, எல்லோரும் ஃபுண்டிதான். போன் செய்தேன். அவர் "கேஷோ, சா தாத்து" என்றார். கேஷோ என்றால் நாளை. சா என்றால் மணி. தாத்து என்றால் மூன்று. எண்களை ஊரிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஆகவே நாளை மூன்று மணி. மறுநாள் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போய்விட்டேன். இரண்டரைக்கு அவசரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்று ஆயிற்று, நான்கு ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. ஆள் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஊர் போலிருக்கிறது என்று எனக்கு மனசு கசந்துவிட்டது.

சாயங்காலம் எதிர் வீட்டுப் பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். "காலையில் உங்கள் வீட்டுக்கு ஒரு ஃபுண்டி வந்தாரே, வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தேன் என்றேன். பெரியவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "விடிவது எத்தனை மணிக்கு?" என்றார். ஆறு என்றேன். "விடிந்து ஒரு மணி நேரம் ஆனால்?" ஏழு என்றேன். "இல்லை. விடிந்து ஒரு மணி நேரம் ஆனால், ஒரு மணி" என்றார்.

நேயர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், அங்கே போகிறவர்களுக்கு முதல் நாளிலேயே வேண்டியது இது. சுவாஹிலியில் பகல் கணக்கு விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு சா மோஜா, ஒன்று. எட்டு மணி சா ம்பிலி, இரண்டு. ஒன்பது மணி சா தாத்து, மூன்று. நடுப்பகல் பன்னிரண்டுக்கு ஆறு. சாயங்காலம் ஆறுக்குப் பன்னிரண்டு. அப்புறம் இரவு ஏழு மணிக்கு மறுபடியும் ஒன்று. நம் மணிக்கும் அவர்கள் மணிக்கும் எப்போதும் ஆறு வித்தியாசம். கடிகாரத்தில் சின்ன முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதற்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைச் சொன்னால் அதுதான் சுவாஹிலி நேரம்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். வருடம் முழுக்க ஆறு, ஆறரை வாக்கில் விடிந்துவிடும். பகல் நீளுவதும் குறுகுவதும் பெரிதாகத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் விடியலிலிருந்து மணி எண்ணுவதைவிட இயல்பானது என்ன இருக்கிறது? நடுராத்திரியில், எல்லோரும் தூங்கும்போது ஒரு நாள் பிறக்கிறது என்பதுதான் யோசித்துப் பார்த்தால் விசித்திரம்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். அவர் பஞ்சாங்கம் பார்ப்பார். "உதயாதி மூன்றே முக்கால் நாழிகை" என்பார். உதயாதி என்றால் உதயம் முதல், சூரியன் எழுந்ததிலிருந்து. ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம், நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகை. மூன்றே முக்கால் நாழிகை என்றால் ஒன்றரை மணி நேரம், அதாவது விடிந்து ஒன்றரை மணி. அதே கணக்கு! எங்கள் வீட்டிலேயே இருந்த கணக்கை நான் மறந்துவிட்டு, கடல் தாண்டிப் போய் இன்னொரு பெரியவரிடம் கற்றுக்கொண்டேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை, சொல்லும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது.

மறுநாள் ஃபுண்டிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "போலே சானா, மாமா" என்றார். மாமா என்றால் அம்மா. போலே என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் தடுக்கி விழுந்தாலும், பாரம் தூக்கிக்கொண்டு போனாலும், வேலை முடிந்து களைத்து வந்தாலும், முன்பின் தெரியாதவர்கூட "போலே" என்பார். "அடடா, சிரமப்பட்டுவிட்டீர்களே" என்று நாம் சொல்வது போல. தன்மேல் தப்பு இருந்தால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

இந்த மணிக் கணக்கு தெரியாமல் வெளியூர் பஸ்ஸுக்குப் போகாதீர்கள். ஆருஷாவுக்குப் போகிற வண்டி சா கூமி நா ம்பிலி, பன்னிரண்டு என்று சொல்வார்கள். அது விடியற்காலை ஆறு. நீங்கள் நடுப்பகலில் பெட்டியோடு போய் நின்றால் வண்டி கிளம்பி ஆறு மணி நேரம் ஆகியிருக்கும்.

அடுத்தது வணக்கம் சொல்வது. தெருமுனைக் காய்கறித் தட்டியில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள், நம் ஊர்ச் சந்தை மாதிரியே. கூறுக்கு அங்கே ஃபுங்கு என்று பெயர். முதல் தடவை நான் போய், கையை நீட்டி, "இது எவ்வளவு?" என்று கேட்டேன். கடைக்காரம்மா விலை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஹபாரி ஸா அசுபுஹி?" என்றார். காலைச் செய்தி என்ன என்று அர்த்தம். நான் "ன்ஸுரி" என்று, நல்ல செய்தி என்று, பதில் சொன்ன பிறகுதான் தக்காளிப் பேச்சே வந்தது. விசாரிக்காமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் "ஷிகமோ" என்பார்கள். பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். ஷிகமோ என்பதற்கு "உங்கள் காலைப் பிடிக்கிறேன்" என்பதுதான் மூலப் பொருள் என்று விளக்கம் சொல்கிறார்கள். காலைத் தொட்டுக் கும்பிடுவதை நாம் குனிந்து செய்கிறோம், அவர்கள் வாயால் சொல்கிறார்கள். என் மகள் பள்ளிக்கூடம் போகும்போது தெருவில் ஒரு கிழவி விடாமல் எல்லோருக்கும் ஷிகமோ சொல்லிக்கொண்டு போவாள். அதனால் எங்கள் வீடு எது என்று ஆறே மாதத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிட்டது. என்னையும் என் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மாமா என்று சொல்லி, கூடவே மகள் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் கிராமத்தில் இன்னாருடைய அம்மா என்று கூப்பிடுவதில்லையா, அதே முறை.

மறுபடியும் சொல்கிறேன், பாஷை தெரிந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும். இங்கிலீஷ் வழியாகப் பார்த்தால் ரைஸ் என்று ஒரே சொல். சுவாஹிலியில் வயலில் இருப்பது ம்புங்கா, மூட்டையில் இருப்பது ம்செலே, தட்டில் இருப்பது வாலி. நெல், அரிசி, சோறு! தேங்காய்க்கு நாஸி, இளநீருக்கு டாஃபு, தேங்காய்ப்பாலுக்குத் தூயி. தேங்காய் துருவ ஒரு மணை வைத்திருக்கிறார்கள். மடக்கி வைக்கிற சின்ன மரப்பலகை, அதன் முனையில் பல் வைத்த இரும்பு நாக்கு. அதன்மேல் உட்கார்ந்து மூடியைச் சுற்றிச் சுற்றித் துருவ வேண்டும். அதற்கு ம்புஸி, அதாவது ஆடு என்று பெயர்.

காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கரி அடுப்பு வைத்து வித்தும்புவா சுடுவார். முதல் நாள் அதைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். ஊறவைத்து அரைத்த அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய். குழி குழியான சட்டியில் எண்ணெய் விட்டு, மாவை ஊற்றி, ஓரம் சிவந்ததும் குச்சியால் நெம்பிப் புரட்டுகிறார். நம் குழிப்பணியாரமேதான்! நான் ஊரிலிருந்து கொண்டுபோன பணியாரச் சட்டியை மறுநாள் எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, குழிக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். தன் சட்டியை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நடுவில் இருப்பது ஒரே கடல். பருவக்காற்று பாய்மரக் கப்பல்களை அங்கேயும் இங்கேயுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. வாஸ்கோ ட காமாவே 1498-ல் அந்தக் கரையில் மலிந்தியில் ஒரு மாலுமியைத் துணைக்கு ஏற்றிக்கொண்டுதான் கோழிக்கோடு வந்தார். போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நமக்கு மேசை, அவர்களுக்கு மேஸா. நமக்கு அன்னாசி, அவர்களுக்கு நானாஸி. இந்தியாவிலிருந்து போன சொற்களும் உண்டு. பணம் பெசா, வண்டி காரி, லட்சம் லாக்கி. ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜிதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஐந்து விரலைக் காட்டுகிறார். வீடு, பத்திரங்கள், உடம்பு என்று இன்னும் மூன்று விஷயம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலை அனுமதி வேறு, தங்கும் அனுமதி வேறு. இரண்டும் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கட்டணம். கூப்பிடுகிற கம்பெனி இரண்டையும் தானே எடுத்துத் தருமா என்று கிளம்புவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வீட்டு வாடகை மாதாமாதம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆறு மாதத்தை மொத்தமாகக் கேட்பார்கள், ஒரு வருடம் கேட்பவர்களும் உண்டு. அந்தப் பணத்தை முன்கூட்டியே கம்பெனியிடம் பேசி வையுங்கள். மின்சாரத்துக்கு லூக்கு என்று முன்பணம் கட்டும் மீட்டர். போனில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். ராத்திரி தீர்ந்து இருட்டில் நிற்காமல் கொஞ்சம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். இங்கிருந்து பிளாஸ்டிக் கேரி பையில் சாமான் கட்டிக்கொண்டு போகாதீர்கள், 2019 ஜூன் முதல் தடை. துணிப்பை எடுத்துப் போங்கள். பிளக்கின் முள் அங்கே பெரும்பாலும் நீள்சதுரம், அதில் நம்முடையது பொருந்தாது.

தம்பி ஒரு விரலுக்கு வந்துவிட்டார். இதை மட்டும் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை. அந்தப் பக்கத்து மலேரியா பெரும்பாலும் மூளையைத் தாக்கக்கூடிய வகை. லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது காய்ச்சல் வந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும், நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.