வீட்டுல தமிழ், ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேஷன் மதிப்பீடு: கையெழுத்து போடலாமா?

அடுத்த கேள்வி, அமெரிக்காவுல இருக்கற ஒரு அம்மா அனுப்பினது. "பையன் ஒன்னாங்கிளாஸ். வீட்டுல தமிழ்தான். வாசிப்புல பின்தங்கறான், ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு மதிப்பீடு பண்ணணும்னு கையெழுத்து கேக்கறாங்க. கறுப்பினப் பிள்ளைங்களை இப்படித்தான் தனி வகுப்புக்கு ஒதுக்கினாங்களாமே, போடலாமா?"

உங்க பயத்துல நியாயம் இருக்கும்மா. கலிஃபோர்னியாவுல லாரி பி. வழக்குன்னு ஒன்னு நடந்துச்சு. அப்ப சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளிகள்ல கறுப்பினப் பிள்ளைங்க 28.5 சதவீதம்தான். ஆனா மனவளர்ச்சி குறைவுன்னு பிரிச்சு வச்ச வகுப்புகள்ல அவங்க 66 சதவீதம்! ஐ.க்யூ. டெஸ்ட்ல, அதாவது புத்திக்கூர்மைச் சோதனையில, ஒரு வெட்டு மார்க்குக்குக் கீழ வந்தவங்களை அனுப்பினது. வழக்குப் போட்ட பிள்ளைங்களைக் கறுப்பின உளவியலாளர்கள் மறுபடி சோதிச்சப்ப, எல்லாருமே அந்த வெட்டு மார்க்குக்கு மேல வந்தாங்க. 1979-ல கோர்ட் அந்த டெஸ்ட்டை வச்சு அப்படிச் சேர்க்கறதைத் தடுத்துச்சு. 1970-ல முடிஞ்ச டயானா வழக்கு உங்களுக்கு இன்னும் கிட்ட வரும்: ஸ்பானிஷ் பேசற பிள்ளைங்களை ஆங்கிலத்துல சோதிச்சு ஒதுக்கியிருந்தாங்க, ஸ்பானிஷ்ல கேட்டதும் பெரும்பாலோர் தேறிட்டாங்க. கற்றல் குறைபாடு, நடத்தைப் பிரச்சினை மாதிரி, பெரியவங்க பார்த்துத் தீர்மானிக்கற வகைகள்லதான் இந்த ஓரவஞ்சனை நுழையுது. காது கேக்கலைங்கறதைக் கருவி காட்டிடும், அங்க அவ்வளவு இடமில்லை.

இருந்தாலும் கையெழுத்து போடுங்க. மதிப்பீட்டுக்கான சம்மதம் வேற, சேவை தொடங்கறதுக்கான சம்மதம் வேற. ரெண்டாவது இன்னும் உங்க கையிலதான் இருக்கு. பையனுக்கு நிஜமாவே டிஸ்லெக்ஸியா (வாசிக்கறதுல வர்ற கற்றல் குறைபாடு) இருந்து, பயத்துல தள்ளிப்போட்டா, எழுத்தும் ஒலியும் சொல்லிக்கொடுக்கவேண்டிய வருஷம் போயிடும்.

போடறதுக்கு முன்னாடி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. என்ன மொழி எந்த வயசுலேர்ந்து, ஆங்கிலம் எப்ப ஆரம்பிச்சான், இதெல்லாம் அதுல வரணும். அமெரிக்கச் சட்டப்படி பிள்ளைக்கு எந்த மொழியில சரியா பதில் சொல்ல முடியுமோ அதுலதான் சோதிக்கணும், முடியவே முடியாத சூழ்நிலை தவிர. ஒரே டெஸ்ட்டை வச்சு முடிவு பண்ணக்கூடாது. ஆங்கிலம் போதாததோ, சரியா பாடம் நடக்காததோதான் முக்கியக் காரணம்னா குறைபாடுன்னு முத்திரை குத்தவே கூடாது.

இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. பையன் மைதானத்துல ஆங்கிலம் சரளமா பேசறான், அதனால மொழி பிரச்சினை இல்லைன்னு டீச்சர் நினைச்சுக்கறாங்க. பேச்சு ஆங்கிலம் ஓரிரு வருஷத்துல வந்துடும். பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலம் பிடிபட 5 முதல் 7 வருஷம் ஆகலாம். இன்னொன்னு, மொழிபெயர்ப்பாளரை உக்காத்தி வச்சு ஆங்கில டெஸ்ட்டை அப்படியே தமிழ்ல கேட்டா, வார்த்தையோட கடினம் மாறிடும், அந்த மார்க்கை மத்த பிள்ளைங்களோட ஒப்பிடவே முடியாது. அப்படி நடந்திருந்தா ரிப்போர்ட்ல எழுதச் சொல்லுங்க. நீங்களே மொழிபெயர்க்கப் போகாதீங்க, நம்மையறியாம துப்புக் கொடுத்துடுவோம்.

வீட்டுல தமிழ்லயே பாருங்க: கதையை முன்பின் மாறாம சொல்றானா? மூணு வேலை சேர்த்துச் சொன்னா மூணையும் செய்யறானா? ஒரே ஓசையில முடியற சொற்களைக் கண்டுபிடிக்கறானா? தமிழ்லயும் தடுமாறினா மதிப்பீடு அவசியம். தமிழ்ல தெளிவா இருந்து ஆங்கிலத்துல மட்டும் திணறினா, அதை எழுதிக் கொடுங்க. காதும் கண்ணும் முதல்ல பார்த்துடுங்க.

குறைபாடு இருக்குன்னே வந்தாலும் தனி வகுப்புன்னு அர்த்தமில்லை. ஐ.இ.பி.ன்னா உங்க பையனுக்குன்னு ஸ்கூல் எழுதற தனிக் கல்வித் திட்டம். அதுக்கான கூட்டத்துல, வாரத்துக்கு எத்தனை நிமிஷம் பொது வகுப்பை விட்டு வெளிய இருப்பான், அங்கேயே உதவி கொடுத்தா ஏன் போதாது, ரெண்டையும் கேளுங்க. எவ்வளவு நேரம் பிரிஞ்சு இருக்கானோ அதுக்கான விளக்கம் ஐ.இ.பி.லயே இருக்கணும். மதிப்பீட்டுல உடன்பாடு இல்லைன்னா, அரசு செலவுல வெளி நிபுணரை வச்சு மறுபடி பார்க்கணும்னு எழுத்துல கேளுங்க. ஒண்ணு, ஸ்கூல் அதுக்குக் காசு கட்டணும், இல்லைன்னா தன் மதிப்பீடு சரின்னு நிரூபிக்க விசாரணைக்கு மனு போடணும். ஃபோன்ல கேக்காதீங்க, தேதி போட்ட கடிதமா கொடுத்து ஒரு நகல் வச்சுக்கோங்க.