சார்ஜ் ஏறாத பழைய டேப்லெட்: பேட்டரி மேல் பழி போடும் முன்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேசுகிறேன். விடியற்காலையில் தூறிவிட்டுப் போன மழையால் அறையில் வெளிச்சம் கொஞ்சம் மட்டு. அதனால் கேமராவை மேசைக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதுவும் நல்லதுதான், இன்றைக்குக் காட்ட வேண்டியது கடுகளவுச் சாமான்.

இந்த டேப்லெட்டைப் பாருங்கள். ஏழு இன்ச், மைக்ரோ யு.எஸ்.பி. போர்ட், பின்மூடியின் ரப்பர் பூச்சு பிசுபிசுத்துப் போயிருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்தார்கள். கொரோனா சமயத்தில் அவர்கள் மகள் இதில்தான் பாடம் படித்தாளாம். பிறகு இரண்டு வருஷமாகப் பீரோவில் கிடந்திருக்கிறது. ஒரு கடையில் காட்டியபோது, பேட்டரியும் போச்சு, உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டும் போச்சு என்று கையை விரித்துவிட்டார்கள். ஆனால் இதற்குள் அக்காவின் அப்பா படகில் நின்று பேசுகிற ஒரு வீடியோ இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. "தம்பி, இது எழுந்திருக்குமா? அந்த வீடியோவ மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதும்" என்று கேட்டார்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றதும் பேட்டரி போச்சு என்று முதல் நிமிஷத்திலேயே தீர்ப்புச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவரிலிருந்து கரண்ட் எப்படி வருகிறது? பிளக் பாயின்ட், சார்ஜர், கேபிள், கேபிளை மாட்டுகிற போர்ட், பேட்டரிக்கு எவ்வளவு ஏற்றுவது என்று பார்த்துக்கொள்கிற சார்ஜிங் ஐசி என்ற சிப், எல்லாவற்றையும் தாண்டித்தான் பேட்டரி. நாமும் அதே வழியில் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். பேட்டரி கடைசி வீடு. அங்கே முதலில் போய்க் கதவைத் தட்டக் கூடாது.

முதலில் சார்ஜர். அதன் முதுகில் பொடி எழுத்தில் அவுட்புட் என்ற வரி இருக்கும். நிறையப் பேர் அதைப் படிப்பதே இல்லை. டேப்லெட்டுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட், 2 ஆம்பியர் வேண்டும். வீட்டில் கையில் கிடைப்பதோ பழைய போன் சார்ஜர், 5 வோல்ட், 1 ஆம்பியர். வோல்டேஜ் ஒன்றுதான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பத்தாது. 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபேடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேட்டரி 42.5 வாட்-அவர், அதாவது 42.5 வாட்டை ஒரு மணி நேரம் தருகிற கொள்ளளவு. ஆப்பிள் அதற்குக் கொடுத்தது 10 வாட் சார்ஜர். ஐபோனின் 5 வாட் சார்ஜரை அதில் மாட்டினால், ஒரு சொட்டுக்கூட வீணாகாவிட்டாலும் எட்டரை மணி நேரம் ஆகும். நிஜத்தில் இன்னும் கூடுதல். திரையை எரியவிட்டுப் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஏறுவதற்குப் பதில் இறங்கும். உடனே பேட்டரி போச்சு என்பார்கள். பானை ஓட்டை இல்லை, ஊற்றுகிற செம்புதான் சின்னது.

சார்ஜரில் இன்னொரு விஷயம், இதைக் கவனமாகக் கேளுங்கள். சில பழைய ஏழு இன்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் சின்ன உருண்டைப் பின் சார்ஜர் இருக்கும். அது தொலைந்துவிட்டால் பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேடுகிறோம். நானும் அங்கே தேடி வாங்குகிறவன்தான். குவியலில் ஒரே மாதிரிப் பின் உள்ள அடாப்டர்கள் நிறையக் கிடக்கும். ஒன்று 5 வோல்ட், பக்கத்திலேயே கிடப்பது 9 வோல்ட், அதற்கடுத்தது ஏதோ ரவுட்டருக்கான 12 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று 12 வோல்ட்டை 5 வோல்ட் டேப்லெட்டில் குத்தினால் பவர் ஐசி அந்த நிமிஷமே கருகிவிடலாம். அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தது, காப்பாற்ற முடியவில்லை. வோல்ட் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, டேப்லெட் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். நடு ஊசி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் லேபிளில் படமாக இருக்கும், அதையும் பாருங்கள். இதே போலத்தான் பழைய ஐபேடின் 30 பின் கேபிளும் பழைய கேலக்ஸி டேபின் 30 பின் கேபிளும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே பின் வரிசை வேறு. மாற்றி மாட்டாதீர்கள்.

சார்ஜ் போட்டதும் தொடுதிரை தானாகத் துள்ளுகிறதா, தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்றா? பிளக்கைப் பிடுங்கியதும் சரியாகிறதா? அப்படியானால் திரையில் கோளாறு இல்லை, சார்ஜர் தரும் கரண்ட் சுத்தமாக இல்லை. சார்ஜரை மாற்றிவிடுங்கள், திறந்து பார்க்க வேண்டாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கும்போது, உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் அது அடிக்கும்.

சரி, கேபிளுக்கு வருவோம். எனக்கு மிகவும் அக்கறையுள்ள இடம் இதுதான், ஏனென்றால் கேபிளை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. மெல்லிய கேபிளில் 28 கேஜ் செம்புக் கம்பி இருக்கும். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலிது. ஒரு மீட்டர் நீளத்துக்கு, போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 0.43 ஓம் தடை. 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட் கிளம்பி, டேப்லெட்டுக்கு 4.15 வந்து சேர்கிறது. வோல்டேஜ் இப்படிச் சரிந்தால் பல டேப்லெட்டுகள் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான். அதனால் தடித்த, குட்டையான கேபிளை வாங்குங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்க வசதி என்று மூன்று மீட்டர் கேபிள் வாங்குவது பழைய டேப்லெட்டுக்குச் செய்கிற துரோகம்.

இதோ, சோதிக்கிற விதத்தைக் காட்டுகிறேன். இந்த வெள்ளைப் பீங்கான் துண்டு ரெசிஸ்டர், கரண்டுக்குத் தடை கொடுக்கிற பாகம்; 5 ஓம், 10 வாட். ஒரு மைக்ரோ யு.எஸ்.பி. சாக்கெட்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறேன். கேபிளை இதில் மாட்டினால் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள். சார்ஜர் பக்கம் 5.1 வோல்ட். இப்போது அக்கா கொண்டுவந்த கேபிள். ரெசிஸ்டர் முனையில் மல்டிமீட்டரை வைக்கிறேன்... 4.1 காட்டுகிறது. ஒரு வோல்ட் காணாமல் போயிருக்கிறது. இப்போது என் கேபிள்... 4.8. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அக்காவுடையது கொஞ்சம் புதிதாகக்கூட இருக்கிறது.

ரெசிஸ்டர் எல்லாம் வேண்டாம் என்றால், சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன யு.எஸ்.பி. டெஸ்டர் ஒன்று வாங்கி வையுங்கள். டேப்லெட் எவ்வளவு இழுக்கிறது என்று அது சொல்லும். ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 0.45 பக்கத்திலேயே நிற்கிறதா? கம்ப்யூட்டரில் மாட்டியிருப்பதாக டேப்லெட் நினைத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் 500 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம் என்பது விதி. சுவர் சார்ஜரில் இரண்டு டேட்டா கம்பிகளும் உள்ளே ஒன்றோடொன்று சேர்த்து வைக்கப்பட்டிருக்கும், அதை வைத்துத்தான் இது சார்ஜர் என்று டேப்லெட் அடையாளம் கண்டுகொள்கிறது. கேபிளில் அந்த டேட்டா கம்பி அறுந்திருந்தால் அடையாளம் தெரியாமல் பயந்து பயந்து குறைவாக இழுக்கும். ஆப்பிளுக்கு இந்த அடையாளமே வேறு, டேட்டா கம்பிகளில் குறிப்பிட்ட வோல்டேஜ் இருக்க வேண்டும். ஒரு நல்ல ஆண்ட்ராய்டு சார்ஜரில் ஐபேட் மந்தமாக ஏறுவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

அக்காவின் டேப்லெட்டில் என் சார்ஜர், என் கேபிள் இரண்டையும் மாட்டினேன். டெஸ்டரில் 0.00. கேபிளை மெல்ல மேலே தூக்கினால் ஒரு கணம் 0.09 வந்து போகிறது. அப்படியென்றால் வழி அடைபட்டிருப்பது போர்ட்டில்தான்.

கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவருகிறேன். மைக்ரோ யு.எஸ்.பி.க்குள் ஒரு நாக்கு, அதில் ஐந்து பின். முதல் பின் பிளஸ் 5 வோல்ட், கடைசிப் பின் கிரவுண்ட், நடுவில் டேட்டா பின்கள் இரண்டும் அடையாளப் பின் ஒன்றும். நான்கு பின்கள் இன்னும் மஞ்சளாகப் பளபளக்கின்றன. முதல் பின் மட்டும் பச்சை பூத்து, நுனி கறுத்துப் பாதி கரைந்துவிட்டது. ஏன் அது மட்டும்? அக்காவின் வீடு கடற்கரையிலிருந்து நாலு எட்டு. ஜன்னலோரம் கேபிள் எப்போதும் மாட்டியே இருக்குமாம். உப்புக்காற்று ஈரமாக உள்ளே படிகிறது. அந்த ஈரத்தின் வழியே பிளஸ் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் இடையே சன்னமாகக் கரண்ட் கசிகிறது. அப்படிக் கசியும்போது கரைவது பிளஸ் பக்கத்து உலோகம்தான். முதுநகர், தேவனாம்பட்டினம், புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டி இருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். சார்ஜ் ஏறியதும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே விட்டால் உப்பு உங்கள் போர்ட்டைத் தின்றுவிடும்.

போர்ட்டுக்குள் வெறும் பஞ்சும் மணலும்தான் என்றால் டேப்லெட்டை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். குண்டூசி வேண்டாம், ஷார்ட் ஆகும். லேசான பச்சைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இதற்கு அது போதாது, பின்னே இல்லை. திறந்து, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசை தடவி, பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதியது பற்றவைத்தேன். சாக்கெட்டின் விலை ஒரு பார்சல் இட்லியைவிடக் குறைவு. அவசரப்பட்டுப் பிடுங்கினால் போர்டில் உள்ள செம்புத் தடமும் கூடவே வந்துவிடும், கை பழகாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். சில மாடல்களில் போர்ட் தனிக் குட்டி போர்டில் இருக்கும். அதற்குப் பற்றவைப்பே வேண்டாம், குட்டி போர்டையே மாற்றிவிடலாம்.

இப்போதுதான் பேட்டரி. மீட்டரில் 2.9 வோல்ட். முழுதாக ஏறிய லித்தியம் செல் 4.2, சாதாரணமாக 3.7. இது காலியாகிக் கிடந்திருக்கிறது, சாகவில்லை. இந்த நிலையில் சார்ஜிங் ஐசி முழு வேகத்தில் ஏற்றாது, முதலில் சொட்டுச் சொட்டாக ஊட்டும். டெஸ்டரில் 0.09 நிலையாக நின்றது, திரையில் ஒன்றும் இல்லை. எல்லோரும் தவறு செய்கிற இடம் இது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பவர் பட்டனை அமுக்கிப் பார்ப்பார்கள். சேர்ந்த கொஞ்ச நஞ்சமும் அதில் செலவாகி, லோகோ வந்து அணைந்து, மறுபடி வந்து அணைந்து கொண்டேயிருக்கும். தொடவே கூடாது. நான் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். நாற்பது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் டெஸ்டரில் 1.1 ஆம்பியர். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

ஆனால் 2 வோல்ட்டுக்கும் கீழே மாதக்கணக்கில் கிடந்த செல்லை உயிர்ப்பிக்காதீர்கள். உள்ளே உள்ள செம்புத் தகடு கரைந்து, ஏற்றும்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகக்கூடும். 9 வோல்ட் பேட்டரியை வைத்து உசுப்பும் வித்தையும் வேண்டவே வேண்டாம். திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலோ, மேசையில் வைத்தால் முதுகு ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

வேறு பேட்டரி வாங்க வேண்டி வந்தால் செல்லின் மேல் 357095 போல ஓர் எண் இருக்கும். 3.5 மில்லிமீட்டர் கனம், 70 அகலம், 95 நீளம் என்று பொருள். அந்த அளவில் தேடலாம். சிவப்பு, கறுப்போடு மூன்றாவதாக ஒரு கம்பி இருந்தால் அது பெரும்பாலும் சூட்டை அளக்கிற கம்பி. அதை விட்டுவிட்டால் சில டேப்லெட்டுகள் சார்ஜே ஏற்றாது. கனெக்டர் பொருந்தினாலும் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கலாம், மீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

இப்போது 41 சதவீதம். வீடியோ திறக்கிறது, பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிட்டேன். அது அக்காவின் வீட்டு விஷயம், இங்கே காட்ட மாட்டேன். சாயங்காலம் வருகிறேன் என்றார்கள். டேப்லெட்டோடு என்னுடைய தடித்த கேபிளையும் கொடுத்தனுப்பப் போகிறேன். அவர்கள் கொண்டுவந்த அந்தக் கேபிளை இப்போதே வெட்டிப் போட்டுவிட்டேன்.