ஒரு தும்பைச் செடி, மூன்று சீட்டு

வணக்கம் நண்பர்களே. இன்று வெளியே எங்கும் போகவில்லை, மேசையில்தான் இருக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்... சரி, இப்போது தெரிகிறதா?

இது ஒரு ஹெர்பேரியம் தாள். உலர்த்திய செடிகளை இப்படித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடத்துக்குத்தான் ஹெர்பேரியம் என்று பெயர். 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம், நல்ல கெட்டி அட்டை. ஒட்டியிருப்பது தும்பை. வேரோடு பிடுங்கி, அழுத்தி, உலர்த்தி, தண்டை மட்டும் நூலால் தைத்திருக்கிறேன். பூ வெள்ளையாக இருந்தது என்று இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள், எல்லாம் பழுப்பாகிவிட்டது. அதனால்தான் கீழே வலது மூலையில் இருக்கும் சீட்டில் பூவின் நிறத்தை எழுதவேண்டும். ஊர், தேதி, மண், எந்த உயரத்தில் எடுத்தது, எடுத்தவர் பெயர், சேகரிப்பு எண் எல்லாம் எழுதவேண்டும். முதன்முதலில் நான் பறித்த பத்துப் பன்னிரண்டு செடிகளில் நிறத்தையே எழுதவில்லை. மழைக்காலம் வேறு, செடியை வைத்து அழுத்தும் நாளிதழ்த் தாளை மாற்றாமல் இரண்டு நாள் சோம்பேறித்தனம். பிரித்துப் பார்த்தால் பூஞ்சணம். அத்தனையும் குப்பைக்குப் போனது.

இந்தத் தாளை ஏன் காட்டுகிறேன் என்றால், இதில் மூன்று பேருடைய கையெழுத்து இருக்கிறது. முதல் சீட்டு என்னுடையது. லியூகாஸ் ஆஸ்பெரா, அதாவது நம்முடைய சாதாரணத் தும்பை என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே இருக்கும் சின்னச் சீட்டு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஒட்டியது. இது வேறொரு தும்பை என்கிறார். தும்பையில் பல வகை உண்டு, பூவைத் தாங்கும் அந்தப் பச்சைக் கிண்ணத்தின் வாய் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். மூன்றாவது சீட்டு அந்த இனத்தையே ஆராய்கிற ஒரு மாணவி ஒட்டியது. காய்ந்த பூ ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து, விரித்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, முதலில் எழுதியதே சரி என்கிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் பேராசிரியரின் சீட்டை யாரும் கிழிக்கவில்லை, கிழிக்கவும் கூடாது. ஹெர்பேரியத்தில் பழைய கருத்தை அழிக்கமாட்டார்கள், அதன் மேலேயோ பக்கத்திலேயோ புதிய சீட்டு ஒட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஒரு பகுதியின் தாவரங்களை எல்லாம் ஒரே புத்தகத்தில் தொகுத்தால் அதற்கு ஃப்ளோரா என்று பெயர். அட்டையில் ஒன்றிரண்டு பெயர்தான் இருக்கும். உள்ளே இருப்பது இந்த மாதிரி ஆயிரக்கணக்கான தாள்களும் ஆயிரக்கணக்கான சீட்டுகளும்தான்.

நம் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதராஸ் மாகாணத்தின் ஃப்ளோராவை கேம்பிள் என்ற வனத்துறை அதிகாரி ஓய்வுபெற்ற பிறகு எழுத ஆரம்பித்தார். முதல் பகுதி 1915இல் வந்தது. 1925இல் அவர் இறந்துவிட்டார், புத்தகம் பாதியில் நின்றது. ஃபிஷர் என்பவர் எடுத்து 1936இல் முடித்தார். மொத்தம் 21 வருடம். அப்புறம் திருச்சியில் கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியார். தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினட் ஹெர்பேரியத்தை ஆரம்பித்தவர். தமிழ்நாட்டின் ‘கர்நாடிக்’ பகுதிக்கான (கர்நாடக மாநிலம் இல்லை, தமிழ்நாட்டுக்குள் இருக்கும் பகுதிதான்) அவருடைய ஃப்ளோரா 1981இலிருந்து 1988 வரை தொகுதி தொகுதியாக வந்தது. அதே எண்பதுகளில்தான் இந்தியத் தாவரவியல் அளவைத்துறைக்காரர்களும் தமிழ்நாடு முழுவதற்குமான பட்டியலை மூன்று தொகுதியாகக் கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூரில் அவர்களுடைய ஹெர்பேரியம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்கள் யாரும் இல்லை. ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1819இல் இங்கே வந்து, பின்னாளில் தென்னிந்தியச் செடிகளைப் படங்களாக வெளியிட்டார். 1838இலிருந்து 1853 வரை 2101 படங்கள். நினைத்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதியை வரைந்தது இந்த இரண்டு பேர்தான். இலையின் நரம்பு, விதையின் குறுக்குவெட்டு, மகரந்தப்பை, எல்லாம் அளவோடு. ஓவியர் கண் தப்பினால் தாவரவியலாளர் முடிவும் தப்பிவிடும். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புக்கு, கோவிந்தூயா என்று பெயரே வைத்தார். பிற்பாடு வந்தவர்கள் அது ட்ரோபிடியா என்ற பேரினத்துக்குள் அடங்கும் என்று சொல்லி அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டார்கள். விதிப்படி சரிதான், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. செடிகளைத் தேடிப்போய் மூட்டை கட்டிக்கொண்டு வந்த ஆட்கள் நிலைமை இன்னும் மோசம், அவர்கள் பெயர் தாளில்கூட இல்லை.

கேள்வி ஒன்று அடிக்கடி வருகிறது, போனில் படம் எடுத்தால் போதாதா என்று. படம் நல்லதுதான், நிறம் படத்தில்தான் தங்கும். ஆனால் படத்தை வெந்நீரில் ஊறவைக்க முடியாதே! நூறு வருடப் பழைய தாளின் இலைத் துண்டிலிருந்து இன்றைக்கு டிஎன்ஏ எடுக்கிறார்கள். அப்புறம் இன்னொரு விஷயம், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வகைச் செடியில் நான்கைந்து மாதிரி எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே சேகரிப்பு எண் போட்டு, வேறு வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவார்கள். 1943இல் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தபோது, வெளியே அனுப்பியிருந்த இரட்டைத் தாள்கள்தான் கைகொடுத்தன. என்னிடம் இருக்கும் இந்தத் தும்பையும் அப்படி ஒரு இரட்டைதான்.

ஹெர்பேரியத்துக்குப் போனால் இரண்டு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் புத்தகப் பக்கம் மாதிரி புரட்டாதீர்கள், கவிழ்த்தால் பூ உதிர்ந்துவிடும். இரண்டு கையாலும் தட்டு போலத் தூக்கி அருகில் வையுங்கள். பழைய தாளைத் தொட்ட விரலை வாயில் வைக்காதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் பாதரச உப்பில் முக்கி எடுப்பார்கள். அது விஷம்.

போன வாரம் காட்டுப்பக்கம் போனபோது ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் சிறுபூளையைக் காகிதத்தில் விரித்துக்கொண்டிருந்தேன். “இது எதுக்குக் கண்ணு, பொங்கலுக்கா?” என்றார். காப்புக்கட்டுக்குத்தான் பறிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த இன்னும் ஐந்து செடிக்குப் பெயர் சொன்னார். மூன்று எனக்குத் தெரியும். இரண்டு பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. சீட்டில் அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி, சொன்னவர் யார் என்றும் குறித்திருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

அந்த ஐந்து செடியும் இதோ இந்த அழுத்துப்பலகைக்குள்தான் இருக்கின்றன. வெளியே மழை பிடித்துவிட்டது. நாளிதழ் மாற்றும் நேரம், இந்தத் தடவை சோம்பேறித்தனம் கிடையாது. கேமராவை அணைக்கிறேன். அடுத்த வாரம் தாளில் தைத்துக் காட்டுகிறேன்.