பின்னணியத்தில் போட்ட நாலு நங்கூரம்

(கடலூர் துறைமுகத்தில் நடந்த உபவாசக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வேதத்தில் அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை, பவுலின் கப்பல் பயணத்தை, உள்நாட்டுப் பக்கம் பேசினால் கதை கேட்கிற மாதிரி கேட்பார்கள். இங்கே பேசினால் பாதிப் பேர் என்னைத் திருத்துவீர்கள், அதனால் கொஞ்சம் பயத்தோடுதான் ஆரம்பிக்கிறேன்.

பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிறார். இந்தப் பருவத்தில் பயணம் ஆபத்து என்று அவர் சொன்னதை, கைதிகளைக் கொண்டுபோன ரோமப் படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதி கேட்கவில்லை, மாலுமியையும் கப்பல் எஜமானையும்தான் நம்பினார் (கைதி பேச்சை யார் கேட்பார்கள், நாமும் கேட்டிருக்க மாட்டோம்). அப்புறம் காற்று பிடித்தது. 14 நாள். சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது.

பதினாலாம் ராத்திரி ஆழம் பார்க்கிறார்கள், 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). சற்று தள்ளிப் பார்த்தால் 15 பாகம். சரி, கரை கிட்டே வந்துவிட்டது, பாறையும் இருக்கும். உடனே நாலு நங்கூரம் போடுகிறார்கள். எங்கே? பின்னணியத்தில், கப்பலின் பின்பக்கத்தில். நாம் அணியத்தில், முன்பக்கத்தில்தானே போடுவோம்? ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் போட்டால் கப்பல் சுற்றிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும். பின்னால் போட்டால் கரையைப் பார்த்தபடியே நிற்கும், விடிந்ததும் கயிற்றை விட்டுவிட்டு நேரே ஓட்டலாம். கரை கண்ணுக்கே தெரியாத இருட்டில் அவர்கள் இதைச் செய்தார்கள். விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வேலைதான் ஞாபகம் வரும்.

கப்பல் மிஞ்சும் என்று தேவன் பவுலுக்குச் சொல்லவே இல்லை, உயிர்ச்சேதம் இருக்காது, கப்பல் போய்விடும் என்றுதான் வாக்கு. 2004 சுனாமியில் படகு போனவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கிளம்பினவர்கள் எல்லாரும் போய்ச் சேருவதும் இல்லை. 1711-இல் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவுக்காக இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். கப்பலைப் பிரேசில் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். எப்படியோ மீண்டு வந்தால், கூட வந்த அச்சுக்காரர் யோனாஸ் ஃபிங்க் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இயந்திரம் 1712-இல் வந்து சேர்ந்தது, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதில் ஒரு பக்கத்தைக்கூட ஃபிங்க் பார்க்கவில்லை.

திரும்பக் கப்பலுக்கு வருவோம். விடியப்போகிற நேரம், பவுல் ஒரு பெரிய பிரசங்கம் பண்ணியிருக்கலாம், 276 பேர் வேறு வழியில்லாமல் கேட்டிருப்பார்கள். அவர் சொன்னது, சாப்பிடுங்கள் என்று. எல்லாருக்கும் முன்னால் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, தானே முதலில் சாப்பிட்டார். உபவாசக் கூட்டத்தில் வந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று பாஸ்டர் ஐயா பார்க்கிறார், மன்னிக்க வேண்டும். ஆனால் வளைகுடாவில் வேலை போய், விசாவும் முடிந்து, ஊருக்கு எப்போது வருவோம் என்று தெரியாமல் பிள்ளைகள் கிடக்கிற வீடுகள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. இன்று ராத்திரி போனில் பேசும்போது வசனம் சொல்லுங்கள், ஜெபியுங்கள், அதற்கெல்லாம் முன்னால் சாப்பிட்டாயா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.